அலாய் வீலில் இறுகிப்போன பிரேக் தூசி: எது எதற்குப் போகும், எது வீலைக் கெடுக்கும்

கேள்வி இதுதான்: முன்சக்கர அலாய் வீல்களில் கறுப்பும் பழுப்புமாகக் கறை ஏறியிருக்கிறது. ஷாம்பு போட்டு இரண்டு மூன்று தடவை தேய்த்தும் அசையவில்லை. பாத்திரம் தேய்க்கும் நாரைப் போடலாமா, ஆசிட் ஊற்றலாமா?

இரண்டும் வேண்டாம். நார் போட்டால் கறை போவதற்கு முன்னால் கிளியர் கோட், அதாவது பெயின்டுக்கு மேலே இருக்கும் நிறமற்ற காப்புப் பூச்சு, போய்விடும். ஆசிட் சங்கதியைப் பிறகு சொல்கிறேன். ஷாம்புவுக்கு அது அசையாததற்குக் காரணம் நீங்கள் தேய்த்தது போதவில்லை என்பதல்ல. பார்க்க ஒரே கறை மாதிரி இருந்தாலும் அங்கே மூன்று சரக்கு இருக்கிறது. மேலே உதிரியான தூசி. அதன் கீழே தாரும் எண்ணெய்ப் பசையும் பிரேக் பேடின் பிசினும் வெந்து சேர்ந்த ஒரு படலம். அதற்கும் கீழே, கிளியர் கோட்டுக்குள் குத்தி நிற்கும் இரும்புத் துகள்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொன்றுக்குத்தான் போகும். உதிரித் தூசியை முதலில் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாக இறங்கினால் கைப்பலம் பெரிதாகத் தேவைப்படாது. தூசியை எடுக்காமல் தாண்டிப் போனால் நல்ல மருந்தும் வீணாகும்.

இரும்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டால் மீதி எல்லாம் விளங்கும். பிரேக்கை மிதிக்கும்போது காலிப்பர் என்ற கவ்வி இரண்டு பேடுகளையும் (உராய்வுக் கட்டைகள்), வீலோடு சுற்றும் டிஸ்க்கின் மேல் அழுத்துகிறது. டிஸ்க் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. பேடுக்குள் இரும்பு நார், கிராஃபைட், வேறு சில உலோகத் தூள்கள், இவற்றைக் கட்டிப் பிடித்திருக்கும் ஃபீனாலிக் பிசின் ஆகியவை உண்டு. உரசலில் பேடும் தேயும், டிஸ்க்கும் தேயும். ஆகவே தூசியில் கணிசமான பங்கு டிஸ்க்கிலிருந்து வந்த இரும்பு. மலைப்பாதையில் தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போது டிஸ்க் 300, 400 டிகிரி செல்சியஸ் வரைக்கும் போவது உண்டு. அந்தச் சூட்டோடு பறக்கும் துகள்கள் கிளியர் கோட்டில் போய் ஒட்டிக்கொள்கின்றன. பிறகு மழையோ பனியோ கழுவிய தண்ணீரோ பட்டதும் துகள் துருப்பிடிக்கிறது. இரும்பு துருவாகும்போது பருமன் கூடும். பெருத்த துகள் தன்னைச் சுற்றியுள்ள பெயின்டை நெம்பிக்கொண்டு இன்னும் இறுகும். பழுப்புப் புள்ளி என்று நீங்கள் பார்ப்பது இதைத்தான். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்வதால் ஏறத்தாழ 70 சதவீத வேலையை முன் பிரேக்குகளே செய்கின்றன. முன் வீல்கள் சீக்கிரம் கறுப்பதற்குக் காரணம் அதுதான். பின்னால் டிரம் பிரேக் இருந்தால் அங்கே வரும் தூசியில் பெரும்பகுதி டிரம்முக்குள்ளேயே தங்கிவிடும்.

மருந்தை வாங்குவதற்கு முன் உங்கள் வீலின் மேல்பூச்சு என்ன என்று பாருங்கள். சாதாரணமாக வரும் அலாய் வீல்கள் பெயின்ட் அடித்து மேலே கிளியர் கோட் போட்டவை. இவை ஓரளவு தாங்கும். பவுடர் கோட்டிங் இன்னும் உறுதி. முகப்பை மட்டும் கடைந்து பளபளப்பாக்கிய டைமண்ட் கட் வீலிலும் மேலே கிளியர் கோட் உண்டு. ஆனால் ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் அதன் வழியே ஈரம் புகுந்து, பூச்சுக்கு அடியில் வெள்ளைப் புழு நெளிந்த மாதிரி கோடுகள் ஓடும். அது அலுமினியம் அரித்த தடம். எந்தக் கிளீனரும் அதை எடுக்காது, பூச்சை எடுத்துவிட்டு மறுபடி கடைந்துதான் சரிசெய்ய வேண்டும். பூச்சே இல்லாமல் பாலிஷ் மட்டும் செய்த அலுமினியமும் அனோடைஸ் செய்த வீலும்தான் ரொம்ப மென்மையானவை. ஆசிட் பட்டாலும் காரம் பட்டாலும் நிமிடங்களில் மங்கிவிடும். குரோம் பூசியது ஆசிட்டுக்கு உரியும். மேட் ஃபினிஷ் (பளபளப்பில்லாத) வீலில் பாலிஷும் கிளே பாரும் (ஒட்டிய துகளை இழுத்தெடுக்கும் களிமண் கட்டி) போடக் கூடாது, தேய்த்த இடம் மட்டும் பளபளத்துத் திட்டுத் திட்டாகத் தெரியும்.

வேலையைத் தொடங்க வீல் ஆறியிருக்க வேண்டும். ஓட்டி வந்த உடனே கை வைக்காதீர்கள். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விட்டு, ஸ்போக்கைத் தொட்டால் சூடே தெரியாத நிலையில் ஆரம்பியுங்கள். வெயிலும் ஆகாது. சூடான உலோகத்தில் மருந்து வேலை செய்வதற்குள் காய்ந்துவிடும், காய்ந்த இடத்தில் அதுவே ஒரு கறையாகும். கொதிக்கும் டிஸ்க்கில் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் டிஸ்க்குக்கு நல்லதில்லை. ஒரு நேரத்துக்கு ஒரு வீல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலுக்கும் சேர்த்து ஸ்ப்ரே அடித்துவிட்டு முதல் வீலைத் தேய்க்க உட்கார்ந்தால் நாலாவது வீல் காய்ந்திருக்கும்.

தேவையானவை: இரண்டு வாளி, நடுநிலை பிஎச் உள்ள (அமிலமும் காரமும் இல்லாத) கார் ஷாம்பு, ஸ்போக்குக்கு மென்மயிர் பிரஷ், உள்வளையத்துக்கு நீளக் கைப்பிடி வைத்த பஞ்சு பிரஷ், வீல் நட் குழிகளுக்குச் சின்ன பிரஷ், பழைய மைக்ரோஃபைபர் துணிகள், நைட்ரில் கையுறை, அயர்ன் ரிமூவர், தார் ரிமூவர். இந்த வாளியும் துணியும் வீலுக்கு மட்டும்தான். வீலைத் தேய்த்த துணியில் சிக்கிய இரும்புத் துகள் பானெட்டில் என்ன கோலம் போடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் வெறும் தண்ணீர். குழாயால் மேலிருந்து கீழாக, ஸ்போக்கின் பின்புறமும் படும்படி நன்றாக அடியுங்கள். பிரஷர் வாஷர் இருந்தால் முனையை 30 செ.மீ.யாவது தள்ளிப் பிடியுங்கள். டயரின் பக்கச் சுவர், காற்று வால்வு, உள்ளே தெரியும் ஏபிஎஸ் சென்சார் வயர் ஆகியவற்றின் மேல் நேராக அடிக்காதீர்கள். உலர்ந்த தூசியைப் பிரஷால் தட்டுவதும் காற்றழுத்தக் குழாயால் ஊதுவதும் கூடாது, அது நேரே நுரையீரலுக்குப் போகும். பழைய வண்டிகளின் பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததுண்டு என்பதால் அவற்றில் இந்த விஷயத்தில் விளையாடவே வேண்டாம். நனைத்துத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்து ஷாம்பு. 10 லிட்டர் தண்ணீருக்கு 30 முதல் 50 மி.லி. போதும், பாட்டிலில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். முதலில் உள்வளையம், பிறகு ஸ்போக்கின் பின்புறம், பிறகு நட் குழிகள், கடைசியில் முகப்பு. அழுக்கு அதிகமுள்ள உட்புறத்தைக் கடைசியில் கழுவினால் சுத்தம் செய்த முகப்பின் மேல்தான் அது தெறிக்கும். பிரஷை ஒவ்வொரு சுற்றுக்கும் வெறும் தண்ணீர் வாளியில் அலசிவிட்டு ஷாம்புவில் தோயுங்கள். உள்வளையத்தில் ஒட்டியிருக்கும் சின்ன ஈயநிறக் கட்டிகள் பேலன்ஸ் வெயிட்டுகள். அவற்றைப் பிரஷ் கைப்பிடியால் இடித்துக் கழற்றிவிட்டால் 80, 100 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் உதற ஆரம்பிக்கும்.

நன்றாக அலசிவிட்டு வீலைப் பாருங்கள். பாதிக் கறை போயிருக்கும். பலர் இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்து நேராக அயர்ன் ரிமூவரை அடித்துவிட்டு, மருந்து சரியில்லை என்று பாட்டிலைத் திட்டுவார்கள். மருந்து மேலே கிடந்த உதிரித் தூசியோடேயே மல்லுக்கட்டித் தீர்ந்துபோயிருக்கும், உள்ளே குத்தியிருக்கும் துகளிடம் போய்ச் சேர்ந்தே இருக்காது.

இனி அயர்ன் ரிமூவர். ஃபால்அவுட் ரிமூவர் என்றும் விற்பார்கள். பெரும்பாலானவற்றில் வேலை செய்யும் பொருள் தயோகிளைகோலேட். முடி நீக்கும் கிரீம்களில் இருப்பதும் இதே குடும்பம்தான், அந்தக் கந்தக நாற்றம் அதனால்தான். நல்ல தயாரிப்புகள் நடுநிலை பிஎச்சை ஒட்டியே இருக்கும், அதனால் கிளியர் கோட்டைத் தொடாமல் இரும்பை மட்டும் பிடிக்கும். இரும்பு கிடைத்ததும் தண்ணீரில் கரையும் ஊதா நிறச் சேர்மம் உண்டாகும்.

வீலின் மேல் நின்ற தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு அடியுங்கள், இல்லாவிட்டால் மருந்து நீர்த்துப்போகும். கெட்டியாகக் கறை ஏறிய ஒரு வீலுக்கு 50 முதல் 100 மி.லி. வரை பிடிக்கும். கீழே சிமென்ட் தரை என்றால் அதை முதலிலேயே நனைத்துவிடுங்கள், காய்ந்த தரையில் ஊதா சொட்டினால் கறை நிற்கும். அடித்த அரை நிமிடத்தில் ஸ்போக்கின் மேல் ஊசி குத்திய மாதிரி புள்ளிகள் ஊதாவாகத் தெரியத் தொடங்கி, ஒவ்வொன்றிலிருந்தும் மெல்லிய கோடாகக் கீழே வழியும். 3 முதல் 5 நிமிடம் விடுங்கள். நடுவில் ஒரு தடவை மென்மயிர் பிரஷால் லேசாகக் கிளறிவிடுங்கள். காய்கிற மாதிரி தெரிந்தால் இன்னும் கொஞ்சம் அடியுங்கள் அல்லது உடனே அலசிவிடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் காய விடாதீர்கள்.

இந்த ஊதா நிறத்தைத் தப்பாகப் படிப்பவர்கள் அதிகம். ஊதா வந்தால் மருந்து இரும்பைக் கண்டுபிடித்துவிட்டது என்றுதான் அர்த்தம், எடுத்துவிட்டது என்று அல்ல. ஸ்போக்குகளுக்குப் பின்னாலிருந்து ஆறாக ஊதா வழிந்தால் பெரும்பாலும் அது டிஸ்க்கின் இரும்பு, வீலின் அழுக்கு அல்ல. டிஸ்க்கே வார்ப்பிரும்பு என்பதால் எத்தனை தடவை அடித்தாலும் அங்கே ஊதா வரத்தான் செய்யும். பார்க்க வேண்டியது ஸ்போக்கின் முகப்பையும் உள்வளையத்தையும் மட்டும்தான். இரண்டாவது தடவை அடித்து அங்கே ஊதா கிட்டத்தட்ட வரவில்லை என்றால் மருந்து எட்டக்கூடிய இரும்பு தீர்ந்துவிட்டது. மூன்றாவது தடவைக்கு மேல் அடிப்பது வீண் செலவு.

டிஸ்க்கில் மருந்து பட்டதற்காகப் பயப்பட வேண்டாம், தாராளமாகத் தண்ணீர் விட்டு அலசினால் போதும். துத்தநாகம் பூசிய நட், பெயின்ட் அடிக்காத காலிப்பர் போன்றவற்றில் அதிக நேரம் நிற்க விடாதீர்கள். பூச்சில்லாத அலுமினியமாக இருந்தால் உள்பக்கம் கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டு வைத்து, இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு அப்புறம் முகப்புக்கு வாருங்கள். கையுறை கட்டாயம், திறந்த இடம் கட்டாயம். இதோடு ஆசிட், பிளீச் என்று வேறு எதையும் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

இப்போதும் கறுப்புப் புள்ளி மிச்சம் இருந்தால் அது தார். சில்லறைப் புள்ளிகளாக, நகத்தால் தொட்டால் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். தார் ரிமூவரைத் துணியில் நனைத்து புள்ளியின் மேல் ஒரு நிமிடம் வைத்துவிட்டுத் துடையுங்கள், தேநீர் நிறத்தில் கரைந்து வரும். அது கரைப்பான் ஆகையால் பிளாஸ்டிக் வீல் கப்பிலும் டயர் ரப்பரிலும் படாமல் பார்த்துக்கொண்டு, முடிந்ததும் ஷாம்பு போட்டு எடுத்துவிட வேண்டும். தார் படலத்துக்கு அடியில் மாட்டியிருந்த இரும்பு இப்போது வெளியே வரும். அதனால் தாரை எடுத்த இடத்தில் மட்டும் அயர்ன் ரிமூவரை இன்னொரு தடவை அடித்துப் பார்ப்பது பலன் தரும்.

வீலைத் துடைத்துவிட்டு விரலில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு ஸ்போக்கின் மேல் தடவுங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத நறநறப்பு பைக்குள்ளிருந்து நன்றாகத் தெரியும். இருந்தால் கிளே பார். மெல்லிய ரகத்தை எடுத்து ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தட்டையாக்கி, ஷாம்பு கலந்த தண்ணீரை நிறைய அடித்து, கையின் எடை மட்டும் படும்படி ஓட்டுங்கள். முதலில் இழுபடும், பிறகு வழுக்கும். வழுக்கத் தொடங்கினால் அந்த இடம் முடிந்தது. களிமண் கறுத்ததும் மடித்துப் புது முகம் எடுங்கள். கீழே விழுந்துவிட்டால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள், ஒட்டிய மணல் போகாது. வீலுக்குப் போட்ட களிமண் பாடிக்கு ஆகாது.

நறநறப்பும் போய், மழமழப்பாக இருந்தும் மஞ்சளாகவோ பழுப்பாகவோ நிழல் தெரிந்தால், கறை கிளியர் கோட்டுக்குள்ளேயே ஊறிவிட்டது. லேசான பாலிஷைப் பஞ்சில் வைத்துக் கையால் தேய்த்தால் கொஞ்சம் குறையலாம். நகம் வைத்தால் குழி தட்டுகிறது என்றால் பூச்சே அரிக்கப்பட்டுவிட்டது. இதற்கு மேல் கிளீனர் மாற்றிப் பார்ப்பதில் அர்த்தமில்லை, மறுபடி பெயின்ட் அடிப்பதுதான் வழி.

ஆசிட் சங்கதிக்கு வருவோம். வேகமாக வேலை செய்யும் சில வீல் கிளீனர்களில் ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட்டோ அம்மோனியம் பைஃப்ளூரைடோ இருக்கும். கறையைக் கண்முன்னே கரைப்பது உண்மைதான். தோல் வழியே உள்ளே புகுந்து உடம்பின் கால்சியத்தைப் பிடித்து எலும்பு வரை பாதிப்பதும் உண்மை, அதுவும் பட்ட உடனே வலிக்காமல். லேபிளில் இந்தப் பெயர்கள் இருந்தால் வீட்டு வாசலில் வைத்துப் பயன்படுத்தும் பொருள் அல்ல அது. கழிப்பறை கிளீனரில் இருக்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் அலுமினியத்தை அரிக்கும், டிஸ்க்கில் பட்டால் துருவைக் கிளப்பும். அடுப்பு கிளீனரில் உள்ள காஸ்டிக் சோடா அலுமினியத்தைச் சாம்பல் நிறமாக்கிவிடும். சமையல் சோடாவும் எலுமிச்சையும் கலந்த கைவைத்தியம் இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்துகொண்டு நுரைத்து அடங்குவதோடு சரி. மண்ணெண்ணெய் தாரை எடுக்கும், இரும்பை அசைக்காது, டிஸ்க்கில் வழிந்தால் பிரேக் பிடிக்காது. அந்தக் கடைசி ஆபத்து டயர் பளபளப்பு ஸ்ப்ரேக்கும் மெழுகுக்கும் எல்லா எண்ணெய்க்கும் பொருந்தும். டிஸ்க்கின் பக்கம் எதையும் நேராக ஸ்ப்ரே செய்யாமல் துணியில் எடுத்துத் தடவுங்கள்.

கழுவி முடித்ததும் வண்டியை அப்படியே ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்திவிடாதீர்கள். ஈரமான டிஸ்க்கில் சில மணி நேரத்தில் செந்நிறத் துரு படரும், பேடு அதோடு ஒட்டிக்கொள்ளவும் கூடும். ஒரு சின்னச் சுற்று ஓட்டி, மெதுவான வேகத்தில் நாலைந்து தடவை மென்மையாகப் பிரேக் மிதித்து உலர்த்திவிட்டு நிறுத்துங்கள். முதல் மிதிக்கு வண்டி சற்றுத் தாமதமாக நிற்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுத்தமான வீலுக்கு உடனே ஒரு காப்புப் பூச்சு போட்டால் அடுத்த தடவை வேலை பாதிதான். கார்னாபா மெழுகு ஏறத்தாழ 82 டிகிரியிலேயே உருகத் தொடங்கும், ஆகவே முன் வீலில் அது நிற்காது. செயற்கை சீலன்ட் இரண்டு மூன்று மாதம் தாங்கும். வீலுக்கென்று வரும் செராமிக் கோட்டிங் ஒழுங்காகப் போட்டால் ஒரு வருடத்துக்கு மேலேயே வரும். ஆனால் போடுவதற்கு முன் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துப் பசையெல்லாம் எடுத்திருக்க வேண்டும், போட்ட பிறகு ஒரு நாளாவது தண்ணீர் படக் கூடாது. இதை வீலைக் கழற்றிப் போட்டால்தான் உள்வளையத்துக்கும் பலன். கழற்றுபவர்கள் வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்தி, பின் ஜாக் ஏற்றி, ஸ்டாண்டும் வைத்துவிட்டு வேலை செய்யுங்கள். திரும்ப மாட்டும்போது எதிரெதிர் வரிசையில் முறுக்கி, வண்டியின் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபாருங்கள். பூச்சு இருந்தாலும் வாரம் ஒரு தடவை ஷாம்பு கழுவல் தேவை. தூசி ஈரத்தோடு வாரக்கணக்கில் கிடப்பதுதான் கறை இறுகக் காரணம்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். முன் வீல்கள் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் கறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இரட்டிப்பாகக் கறுத்தால் அது சுத்தம் செய்யும் பிரச்சினை இல்லை. காலிப்பரின் ஸ்லைடு பின் காய்ந்து இறுகியிருக்கலாம், பிஸ்டன் திரும்பாமல் நிற்கலாம், பேடு டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே ஓடும். பிரேக் அதிகம் மிதிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இரண்டு வீல்களுக்கும் அருகே கையைக் கொண்டுபோனால், தொடாமலேயே சூட்டின் வித்தியாசம் தெரியும். கறுப்பு தூளாக இல்லாமல் பிசுபிசுவென்று உள்பக்கத்திலிருந்து வட்டமாகத் தெறித்திருந்தால் ஆக்ஸில் பூட் (ஆக்ஸில் மூட்டை மூடிய ரப்பர் உறை) கிழிந்து கிரீஸ் வருகிறது அல்லது பிரேக் ஆயில் கசிகிறது. இரண்டையும் கழுவி மறைக்காமல் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும், ஆயில் கசிவு என்றால் ஓட்டாமலேயே.

இரண்டு பக்கமும் சமமாக, ஆனால் அளவுக்கு மீறி வருகிறது என்றால் பேடின் ரகம்தான் காரணம். உலோகம் அதிகமுள்ள பேடு சூட்டைத் தாங்கிப் பிடிக்கும், தூசியும் கொட்டும். செராமிக் பேடு குறைவாகக் கொட்டும், வெளிர் நிறம் என்பதால் வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, பொதுவாகச் சத்தமும் குறைவு. பாரம் ஏற்றி மலையில் இறங்கும் வண்டிக்கு அதையே வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன், நகரத்தில் ஓடும் காருக்குத் தாராளமாகச் சொல்வேன். தூசியைத் தடுக்க வீலுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் மாட்டும் தகடுகள் கிடைக்கும். அவை டிஸ்க் ஆறுவதற்கு வேண்டிய காற்றையும் சேர்த்துத் தடுப்பதால் வாங்க வேண்டாம். பேடை முன் அச்சின் இரண்டு பக்கமும் ஒன்றாகவே மாற்றுங்கள். புதுப் பேடு டிஸ்க்கோடு பழகும் முதல் சில நூறு கிலோமீட்டருக்குத் தூசி கூடுதலாகத்தான் வரும், அதற்குள் பேடைக் குறை சொல்ல வேண்டாம்.